சுரங்கம் என்று என் காதில் விழுந்தது

என் அண்ணா அந்த நாய்க்குக் கடைசிவரை பெயர் வைக்கவில்லை. கீழுதட்டை மடித்து ஒரு சீட்டி அடிப்பான். முதலில் தாழ்ந்து, பிறகு சட்டென்று உயரும் சீட்டி. அதுதான் அதன் பெயர். மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அது எந்த மூலையில் படுத்திருந்தாலும் சரி, தெருமுனையில் அந்தச் சீட்டி கேட்டதும் படிக்கட்டில் உருண்டு புரண்டு இறங்கி ஓடும். உடனே அப்பா, "அவன் ஆஃபீஸ்லேர்ந்து வந்தாச்சு, காப்பிக்கு ஜலத்தை வை" என்பார். அந்த விஷயத்தில் எங்களுக்குக் கடிகாரமே தேவைப்பட்டதில்லை.

அது உயர்ந்த ஜாதி நாய் ஒன்றுமில்லை. சயான் பக்கம் ஏதோ சாக்கடை ஓரத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியை அண்ணா சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். பழுப்பு நிறம், மார்பில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. அம்மா போன பிறகு அப்பாவுக்கு ஆசாரம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. நாய் பால்கனியில் இருக்கலாம், கூடத்தில் ஓரமாக இருக்கலாம், சமையலறை வாசலைத் தாண்டினால் வீட்டையே அலம்பிவிட வேண்டும் என்று சட்டம் போட்டார். அந்தச் சட்டத்தை எங்கள் இரண்டு பேரையும்விட நாய் ஒழுங்காகக் கடைப்பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமையானால் அண்ணாவும் அதுவும் குன்று ஏறக் கிளம்பிவிடுவார்கள். சயானைத் தாண்டி, உப்பங்கழியைத் தாண்டி, செம்பூர் வயல்களுக்கு நடுவே நடந்து, அதற்கப்பால் இருக்கும் குன்றுகள். இப்போது அங்கே வீடு கட்டிக் குடியிருப்பவர்களிடம் இதையெல்லாம் சொன்னால் நம்ப மாட்டார்கள். குள்ளநரி ஊளையிட்ட இடம் அது. அண்ணா ஒரு கூஜாவில் தண்ணீர், ஒரு தாம்புக்கயிறு, சின்னக் குப்பியில் தேங்காயெண்ணெய் எடுத்துக்கொள்வான். தண்ணீரும் எண்ணெயும் தனக்கல்ல, நாய்க்கு; எண்ணெய் அதன் பாதத்தில் தடவ. "கல்யாணமானா பெண்டாட்டியை இப்படிப் பாத்துப்பியா?" என்று கேட்பேன். "அவளுக்குச் செருப்பு இருக்கும்டீ" என்பான்.

போர் வந்தது. அண்ணா பட்டாளத்தில் சேர்ந்தான். துப்பாக்கி தூக்குகிற வேலை இல்லை, சாமான் கணக்கு எழுதுகிற வேலைதான், ஆனால் பட்டாளத்தோடு கூடவே போக வேண்டும், கிழக்கே எங்கேயோ என்று மட்டும் சொன்னான். அப்பா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. கிளம்புகிற அன்று காலை அவன் பால்கனியில் உட்கார்ந்து நாயின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"ஞாயித்துக்கிழமை இதை வெளியில கூட்டிண்டு போ. ஆத்துக்குள்ளேயே கிடந்தா செத்துப் போயிடும். புல்லு காயற காலத்துல விரலுக்கு நடுவுல பாரு, காதுக்குள்ள பாரு. வெயில் பாறையில நடக்க விடாதே. கீழ கிடக்கற மாமிசம் எதையும் தின்ன விடாதே, நரிக்கு விஷம் வைக்கறா. தேங்கின ஜலம் கூடாது."

"சரி."

"நான் திரும்பி வரச்சே இது இப்படியே இருக்கணும்டீ. இதே மாதிரி. வேற எதுவும் உங்கிட்ட கேக்கலை."

எனக்குக் கோபம் வந்தது. போருக்குப் போகிறவன் தங்கையிடம் அப்பாவைப் பார்த்துக்கொள் என்று சொல்லலாம், உன்னைப் பார்த்துக்கொள் என்று சொல்லலாம். நாயைப் பார்த்துக்கொள் என்கிறானே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் அன்று மாலையே, அவன் இல்லாத கூடத்தில், இதையாவது சொன்னபடி செய்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. நாயை முழுசாகத் திருப்பிக் கொடுத்தால் அவனும் முழுசாகத் திரும்பி வருவான் என்று மனசு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த ஒரு டீச்சர் தாராவியில் இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, என் வயதுதான். அவளுக்கும் ஞாயிறன்று மாதா கோயில் முடிந்தால் வேறு வேலை இல்லை. "நாயைக் கூட்டிக்கிட்டு மலைக்கா? நானும் வாரேன் டீச்சர்" என்று ஒட்டிக்கொண்டாள். ஒரு வருஷம் கழித்தும் நாங்கள் ஒருவரை ஒருவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். சேலையை முழங்கால் வரை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு பெண்கள் நாயோடு போவதைப் பார்த்துச் செம்பூர் வயல்காரர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

அண்ணா சொன்னதையெல்லாம் அட்சரம் பிசகாமல் செய்தேன். மழைக்காலம் முடிந்ததும் அந்தக் குன்றுகளில் இடுப்பளவு புல் காயத் தொடங்கும். அதன் விதைக்கு ஊசிபோல முனை, பின்னால் முறுக்கிய வால். சேலையில் ஒட்டினால் பிடுங்கிப் போட்டுவிடலாம். நாயின் விரலிடுக்கிலோ காதிலோ நுழைந்தால் உள்ளேயே துளைத்துக்கொண்டு போகும், சீழ் வைக்கும். அதனால் வீடு திரும்பியதும் பால்கனியில் உட்கார்ந்து, நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்ப்பேன். காது மடலைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பேன். அப்பாவின் பூதக்கண்ணாடியைக்கூட அவருக்குத் தெரியாமல் எடுத்துப் பார்த்திருக்கிறேன். இத்தனை அக்கறையாக ஒரு நாயின் காதைப் பார்த்தவர்கள் பம்பாயில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

இன்னொரு பெருமையும் இருந்தது. அதையும் சொன்னால்தான் நடந்தது புரியும். எங்கள் கட்டடத்துப் பெண்களில் மராட்டி பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது காய்கறிக்காரியிடம் பேரம் பேசுகிற மராட்டி. மீதிக்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தேன். தமிழில் நகரம், அங்கே நகர். நமக்குப் பர்வதம், அவர்களுக்குப் பர்வத். மார்க்கம், மார்க். வாலை வெட்டினால் மராட்டி, வாலை ஒட்டினால் தமிழ். இதை நானே கண்டுபிடித்த மாதிரி எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பேன். தாராவி டீச்சர் மட்டும் ஒரு தரம், "அப்போ மரம்னா மர்ங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். மரம் வடமொழி இல்லை என்று அவளுக்கு ஒரு பாடம் எடுத்தேன்.

போர் முடிந்தது. அண்ணாவை விடுவிக்க இன்னும் மாசக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தது. மழை நின்று, புல் மஞ்சளாகத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக ஏறும் குன்றில் மழைக்கு மண் சரிந்து பாதை போயிருந்ததால் அடுத்த குன்றுக்குப் போனோம். அந்தப் பக்கம் நாங்கள் அதிகம் போனதில்லை. ஊரில் மறுபடி கட்டடங்கள் எழும்ப ஆரம்பித்திருந்தன, கல்லுக்காகக் குன்றுகளை உடைக்கிறார்கள் என்று காதில் விழுந்திருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உடைப்பார்கள் என்று தோன்றவில்லை. எங்களுக்கு லீவென்றால் ஊருக்கே லீவு என்ற நினைப்பு.

பாதி தூரம் ஏறியிருப்போம். மேலே வலதுபக்கப் பாறையில் ஒரு ஆள் நின்று சத்தம் போட்டான். காற்று எதிர்த்திசையில் அடித்தது. தலையிலிருந்த சிவப்பு முண்டாசைக் கழற்றி ஆட்டினான்.

"பாயி! புடே சுருங் ஆஹே! சுருங்!"

பாயி என்றால் அம்மா. புடே என்றால் முன்னால். ஆஹே என்றால் இருக்கிறது. இதெல்லாம் காய்கறிக்காரி மராட்டியிலேயே அடங்கிவிட்டது. சுருங் என்பதற்குத்தான் என் சூத்திரம் வேண்டியிருந்தது. வாலை ஒட்டினேன். சுரங்கம்.

"டீச்சர், முன்னாடி சுரங்கம் இருக்காம்!" என்றேன். "பழைய மராட்டிக் கோட்டைக்கெல்லாம் சுரங்கப்பாதை உண்டு, படிச்சிருக்கேனே. இங்கேயும் ஒண்ணு இருக்கு போலிருக்கு."

அவள் நின்றுவிட்டாள். நெற்றியில் கையை வைத்து அந்த ஆளைப் பார்த்தாள்.

"அந்தாளு கையை ஆட்டுதத பாத்தா வாங்கன்னு கூப்பிடுத மாதிரி தெரியலியே டீச்சர். போவாதீங்கன்னுல்லா சொல்லுதாரு."

"காசுக்குத்தான். கூட வந்து சுரங்கத்தைக் காட்டினா அவனுக்கு எதாவது கிடைக்குமில்லையா? குகை இருக்கிற இடத்துல எல்லாம் இப்படித்தான் ஒருத்தன் நிப்பான். அவன் வர்றதுக்குள்ள நாமளே பாத்துட்டு வந்துடலாம்."

"துணி சிவப்பால்லா இருக்கு."

"அவா தலைப்பாகையே சிவப்புதான்."

எனக்கு மராட்டி தெரியும், அவளுக்குத் தெரியாது. வாக்குவாதம் அதோடு முடிந்தது. நாய் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. புதிய இடம், புதிய வாசனை. சுரங்கம் எங்கே என்று அதுவே கண்டுபிடிக்கட்டும் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அது மேட்டின் மேல் ஓடி மறைந்தது. அந்த ஆள் இன்னும் பலமாகக் கத்தினான். நான் அவனைப் பார்த்துக் கையை அசைத்து, "டீக் ஆஹே, டீக் ஆஹே" என்று பதில் கத்தினேன். சரி, சரி, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

பிறகு தரை எழும்பி அமர்ந்தது. சத்தத்தைக் காதால் கேட்டதாகவே எனக்கு ஞாபகமில்லை, மார்பில் யாரோ உள்ளங்கையால் தள்ளியது போலிருந்தது. டீச்சர் என்னை இழுத்துக்கொண்டு ஒரு பாறைக்குப் பின்னால் குப்புற விழுந்தாள். சின்னக் கற்கள் எங்களைச் சுற்றிப் பொழிந்தன, ஒன்று என் முதுகில் பட்டது. புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவள் ஏசுவே ஏசுவே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நாயைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெயரில்லாத நாயை எப்படிக் கூப்பிடுவது? "வாடா, வாடா, இங்க வாடா" என்று அழுதேன்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் குன்றே இல்லை. பாதிக் குன்றை வெட்டி எடுத்திருந்தார்கள். அந்தப் பள்ளத்தின் விளிம்பில், ஒரு புதருக்கு அடியில் நாய் ஒடுங்கிக் கிடந்தது. உயிர் இருந்தது. உடம்பு முழுவதும் நடுங்கியது, மூத்திரம் போயிருந்தது. காலைத் தொட்டுப் பார்த்தேன், ஒடியவில்லை. கண்ணைப் பார்த்தேன், சரியாக இருந்தது. வயிற்றைத் தடவினேன். ஒரு காதின் ஓரம் மட்டும் மெல்லிய கோடாக ரத்தம் வந்திருந்தது. கல் கீறியிருக்கும் என்று நினைத்து முந்தானையைக் கூஜாத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன். தப்பித்தது, அண்ணாவின் நாய் முழுசாகத் தப்பித்தது என்று அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முண்டாசுக்காரன் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவன் திட்டியதில் பாதி எனக்குப் புரியவில்லை, மீதி புரியாமல் இருந்திருக்கலாம். கடைசியில் நாங்கள் மதராசிகள் என்று கண்டுகொண்டு பம்பாய் ஹிந்திக்கு மாறினான். "சுருங் போலா நா! சுருங்! பத்தர் மே பாரூத்!" என்று சொல்லி, பாறையில் துளை போடுகிற மாதிரி ஒரு விரலால் காட்டி, இரண்டு கையையும் விரித்து ஆகாயத்தில் வீசினான். பாறையில் வெடிமருந்து. வைத்திருக்கிறோம், வராதீர்கள் என்று சொல்லியிருக்கிறான். நானோ சரி சரி என்று அவனுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் டீச்சர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் நல்லவள். நான்தான் சயான் தாண்டியதும், "எங்க அப்பாகிட்ட சொல்லிடாதேங்கோ" என்றேன். "நான் எதுக்குச் சொல்லுதேன். நாயி பொழச்சிட்டுல்லா, அது போதும்" என்றாள்.

அந்த வருஷம் தீபாவளி பலமாக இருந்தது. போர்க்காலத்தில் அடங்கிக் கிடந்த தெரு முழுக்க வெடி. அதற்கு முன்பெல்லாம் ஒரு ஓலைப்பட்டாசுக்கே அப்பாவின் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கி, மறுநாள்வரை வெளியே வராத நாய், அன்று கூடத்து ஓரத்தில் முன்னங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியது. "பயமெல்லாம் தெளிஞ்சுடுத்து போலிருக்கே" என்று அப்பா ஆச்சரியப்பட்டார். மலையே வெடித்ததைப் பார்த்த நாய்க்கு ஊசிப்பட்டாசு எந்த மூலைக்கு என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

அதற்குப் பிறகு நாய் என்னை மதிக்கவில்லை. நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். முன்பெல்லாம் "வாடா" என்றால் வரும். அண்ணாவின் சீட்டிக்கு ஓடுகிற மாதிரி ஓடி வராது, எழுந்து சோம்பல் முறித்துவிட்டுத்தான் வரும், ஆனாலும் வரும். இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். நான் எதிரே போய் நின்றால் வாலை ஆட்டும். சாதம் வைத்துக் கூப்பிட்டால் வராது, தட்டைப் பார்த்தால் ஓடி வரும். வஞ்சகம் என்று நினைத்தேன். சீட்டி அடித்தால் கேட்குமோ என்று முயன்று பார்த்தேன், எனக்குக் காற்றுதான் வந்தது. அதையும் அப்பா பார்த்துவிட்டு, "பொம்மனாட்டி சீட்டி அடிக்கறது எந்த ஊர் வழக்கம்?" என்று எரிந்து விழுந்தார். அன்று நாயின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவனுடைய நாய், அவனுக்குத்தான் அடங்கும், நான் எத்தனை வருஷம் விரலை விரித்து விரித்துப் பார்த்தாலும் வேலைக்காரிதான் என்று.

குன்றுக்குப் போவதை நிறுத்தவில்லை. பழைய குன்றுக்கே போனோம், கயிற்றை அவிழ்ப்பதே இல்லை. ஒரு நாள் டீச்சரின் செருப்பு அறுந்ததை நான் முடிந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, கயிறு கைநழுவி நாய் புல்லுக்குள் போய்விட்டது. பார்த்தால் ஏதோ ஒரு மாமிசத் துண்டை முகர்ந்துகொண்டு நிற்கிறது. விஷம் வைத்த துண்டாக இருக்கலாம். "விடு! விடுடா! வா இங்கே!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயில் கவ்வப் போகிற சமயத்தில் கயிற்றைப் பிடித்து இழுத்து, அந்தக் கயிற்றாலேயே முதுகில் விளாசினேன். கை ஓயும் வரைக்கும் அடித்தேன்.

"போதும் டீச்சர், விட்டுருங்க. வாயில்லாத ஜீவன்லா" என்று அவள் கையைப் பிடித்தாள்.

"கூப்பிட்டா வரணும். இல்லேன்னா ஒரு நாள் செத்துப் போகும். இதை உசிரோட அவன்கிட்ட ஒப்படைக்கணும் நான்" என்றேன்.

அதன் நன்மைக்காக அடிக்கிறேன் என்று முழுசாக நம்பினேன். அதனாலேயே வீட்டிலும் அடிப்பது எளிதாகிவிட்டது. தெருவில் விக்டோரியா குதிரைவண்டி மணியடித்துக்கொண்டு வரும்போது நகராமல் நின்றால் ஒரு அடி. கூப்பிட்ட குரலுக்கு எழுந்திருக்காவிட்டால் விசிறிக் காம்பால் ஒரு அடி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நான் அடித்ததே இல்லை, நல்ல டீச்சர் என்று பேர். ஞாயிறு மாலையானால் அதே நாயின் தலையை மடியில் வைத்து, காது மடலைத் திருப்பி, புல்விதை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். காது சுத்தமாக இருக்கும். திருப்தியோடு போய்க் கையை அலம்பிக்கொள்வேன்.

அண்ணா கோடை முடிகிற சமயத்தில் வந்தான். முன்கூட்டித் தகவல் சொல்லாமல் வந்தான். நான் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் சீட்டி கேட்டது. அரிசிப் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடி வந்தேன். நாய் பால்கனியில், கம்பிக்குப் பக்கத்தில், கண்ணை மூடிப் படுத்திருந்தது. இன்னொரு தரம் சீட்டி, கட்டடத்து வாசலில். இன்னொரு தரம், படிக்கட்டில். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூடத் தோன்றாமல், நாயையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

அண்ணா வாசலில் வந்து நின்றான். கறுத்து இளைத்திருந்தான், முன்னந்தலை முடி உதிர்ந்து நெற்றி ஏறியிருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தான், ஆனால் அவன் கண் தேடியது வேறொன்றை. பால்கனியைப் பார்த்து மெதுவாக ஒரு முறை சீட்டி அடித்தான். நாய் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"என்னை மறந்துடுத்து" என்றான்.

அந்த நொடியில் எனக்குள் ஒரு குரூர சந்தோஷம் எட்டிப் பார்த்தது. உனக்கும் அடங்கவில்லை பார், என்னிடம் மட்டும் இல்லை, உன்னிடமும் அப்படித்தான். மூன்று வருஷத்துக்கு மேல் எங்கெங்கோ அலைந்துவிட்டு உயிரோடு திரும்பிய அண்ணாவின் முகம் எதிரே சுருங்கிக்கொண்டிருக்கும்போது நான் இப்படி நினைத்தேன்.

அவன் மூட்டையை இறக்கிவிட்டுப் பால்கனிப் பக்கம் நடந்தான். அவன் கால் பால்கனியின் மரப்பலகையை அழுத்தியதும் நாய் தலையைத் தூக்கித் திரும்பியது. மூக்கை நீட்டி ஒரு முறை முகர்ந்தது. அப்புறம் அது செய்ததை என்னால் எழுத முடியாது. அவன்மேல் ஏறியது, விழுந்தது, சுற்றிச் சுற்றி ஓடியது, சமையலறைக்குள்ளேயே ஒரு தரம் ஓடிப் போய்த் திரும்பியது, மனிதக் குழந்தை அழுவதைப்போல ஒரு குரல் எழுப்பியது. வீட்டை அலம்பும்படி அப்பா சொல்லவில்லை. அண்ணா தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து, காப்பி குடித்துக்கொண்டே, அவன் நாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அவன் காலடியில் எங்களுக்கு முகம் காட்டாமல் பால்கனிப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அதன் தலைக்குப் பின்னால் இரண்டு கையையும் கொண்டுபோய் ஓங்கிக் கைதட்டினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாய் அசையவில்லை. இன்னொரு தரம், காதருகே கைதட்டினான்.

"இதுக்குக் காது கேக்கலைடீ" என்றான். "பீரங்கி பக்கத்துல நின்னவாளை நான் பாத்திருக்கேன். இப்படித்தான் இருப்பா. பக்கத்துல எதாவது வெடிச்சுதா?"

சொன்னேன். சுருங்கையும் சுரங்கத்தையும், வாலை ஒட்டியதையும், கயிற்றை அவிழ்த்ததையும் சொன்னேன். அப்பா முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சுரங்கம் என்று நான் சொன்ன இடத்தில் அண்ணாவின் உதடு கோணியது, சிரிப்பு வரப் பார்த்தது. என்னைக் கோபிக்கவே இல்லை. "வெடி வச்சிருக்கான்னு நோக்கு எப்படித் தெரியும்? நான் இருந்தாலும் உள்ள போய்ப் பாத்திருப்பேன்" என்றான். எனக்கு அழுகை வந்தது, அந்த அழுகையில் பாதி நிம்மதி. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவன் டம்ளரைத் தள்ளி வைத்தான். ஏதோ கணக்குப் போடுகிறவனைப்போல நாயின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். கயிற்றுத் தழும்பு மயிருக்குள் இருந்தது, அவன் விரலுக்குத் தட்டுப்பட்டதோ என்னவோ.

"அப்போ இத்தனை மாசமா நீ கூப்பிட்டா இது வந்திருக்காதே."

"வரலை."

"என்ன பண்ணினே?"

"கயித்துல கட்டினேன். அவுக்கவே இல்லை, நிஜமா."

"அடிச்சியா?"

"இல்லை அண்ணா" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினேன்.

நாய் அப்போதுதான் என் பக்கம் திரும்பியிருந்தது. என் கை மேலே போவதைப் பார்த்ததும் அது தரையோடு தரையாகப் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாலை வயிற்றுக்கடியில் ஒடுக்கிக்கொண்டது.